காவிரிப் பகுதிப் பழம்பாறைகளின் புவிவேதியியல்

காவிரிப் பகுதிப் பழம்பாறைகளின் புவிவேதியியல் என்பது தமிழ்நாட்டில் காவிரி ஆறு பாயும் நிலப்பகுதியிலும் அதன் இருபுறத்திலும் காணப்படும் தொன்மையான தீப்பாறைகளின் வேதியியல் கூறுகளைக் கொண்டு, முற்காலத்தில் தனித்தனியாக இருந்த நிலப்பாளங்களின் எல்லையை அறியும் ஆய்வுத் துறையாகும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை செல்லும் அகன்ற பாறைப் பட்டை ஒன்று இத்தகைய எல்லையாகப் பலராலும் கருதப்படுகிறது. இது பாலக்காடு - காவிரி சறுக்குப் பெயர்ச்சி மண்டலம் எனப்படுகிறது. திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே இப்பட்டை தஞ்சாவூர்ச் சமவெளியின் வண்டலுக்கு அடியில் மறைந்துவிடுகிறது.

பின்னணி

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நெல் வயல்களில் கருங்கல் கிடைப்பதில்லை. 1010 ஆம் ஆண்டில் முதலாம் இராசராசனால் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கற்கள் வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டன. டெல்டாவின் தலைப்பகுதியான திருச்சிராப்பள்ளியில் உச்சிப் பிள்ளையார் கோயில் அமைந்த குன்றைப் போன்ற பாறைகள் வெளியே தெரிகின்றன. அதற்குக் கிழக்கே அடித்தளப் பாறை படிப்படியாகவும் பிளவுகளின் வழியே திடீரெனவும் கீழிறங்குகிறது. அதன் மேல் கிரீத்தேசியக் காலம் முதலான படிவுப் பாறைகளும், எல்லாவற்றிற்கும் மேலே காவிரியின் வண்டலும் அமைந்துள்ளன. சில இடங்களில் இப்படிவுகளின் மொத்தத் தடிமன் 5 கிலோமீட்டருக்கும் அதிகமாகும்.

எனவே தஞ்சாவூருக்கு அடியில் உள்ள பழம்பாறை எந்த நிலப்பாளத்தைச் சேர்ந்தது என்பதை நேரில் பார்த்துச் சொல்ல இயலாது. மேற்கே வெளித்தெரியும் பாறைகளில் எல்லை எங்கே செல்கிறது என்பதை முதலில் அறிந்து, அதனைக் கிழக்கு நோக்கி நீட்டியே ஊகிக்க வேண்டியுள்ளது. மேற்கிலும் எல்லை கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. இக்காரணத்தாலேயே வேதியியல் சான்றுகள் இன்றியமையாதவை ஆகின்றன.

பார்வைக்குத் தெரியும் எல்லையும் உண்மையான எல்லையும்

கருநாடகத்திலிருந்து தெற்கு நோக்கி வருபவர், கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகளில் பாறையின் தோற்றம் மாறுவதைக் காணலாம். வடக்கே சாம்பல் நிற வரிப்பாறைகள் மிகுதியாக உள்ளன. தெற்கே பச்சை கலந்த கருநிறமும் எண்ணெய்ப் பளபளப்பும் கொண்ட சார்னோகைட்டுப் பாறைகள் தொடங்குகின்றன. கொல்கத்தாவில் உள்ள யோப் சார்னாக்கு என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால், சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறைகளை ஆராய்ந்த தாமசு ஆலந்து 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பெயரை இட்டார். சார்னோகைட்டு உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் பிரிக்கும் கோட்டினை 1936 இல் பெர்மோர் என்னும் புவியியலாளர் வரைந்தார். இது பெர்மோர் கோடு எனப்படுகிறது.

எனினும் இக்கோடு இரண்டு நிலப்பாளங்களைப் பிரிக்கும் எல்லை அன்று. கோட்டின் இருபுறமும் உள்ள பாறைகளின் வயதும் வேதியியல் கூறுகளும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்துள்ளன. ஒரே நிலம் தெற்கே செல்லச் செல்ல அதிக ஆழத்திலிருந்து மேலெழுந்து அரிக்கப்பட்டுள்ளது. அதிக ஆழத்தின் வெப்பத்தில் நீர் குறைந்த நிலையில் உருமாறிய பகுதியே சார்னோகைட்டாகத் தெரிகிறது. அதாவது இங்கு மாறுவது ஆழமே தவிர நிலம் அன்று.

இதற்கு நேர்மாறான நிலை காவிரிக்கு அருகில் உள்ளது. சேலம் பகுதியிலும் மதுரைப் பகுதியிலும் சார்னோகைட்டுகள் ஏறத்தாழ ஒரே தோற்றத்துடன் காணப்படுகின்றன. கைக்கண்ணாடியால் பார்த்தாலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் அவற்றின் உருமாற்ற வரலாறு முற்றிலும் வேறானது. வடக்கே சேலம் பாளத்தில் கடும் வெப்ப உருமாற்றம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. தெற்கே மதுரைப் பாளத்தில் அது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது. தோற்றத்தில் தெளிவாகத் தெரியும் மாற்றம் எல்லையாக இல்லாமலும், தோற்றத்தில் தெரியாத மாற்றம் எல்லையாகவும் இருப்பது இப்பகுதியின் சிறப்பாகும்.

ஆய்வு முறைகள்

அசையும் தனிமங்களும் அசையாத் தனிமங்களும்

பல கோடி ஆண்டுகளில் ஒரு பாறை புதைகிறது, சூடாகிறது, நீரில் ஊறுகிறது. இதனால் அதன் தொடக்க வேதியியல் முழுமையாக அப்படியே நிலைப்பதில்லை. சோடியம், பொட்டாசியம், உருபீடியம், பேரியம் போன்றவை நீருடன் எளிதில் இடம்பெயரும். தைட்டானியம், சிர்க்கோனியம், இட்ரியம், நையோபியம் போன்றவையும் பெரும்பாலான அருமண் தனிமங்களும் எளிதில் இடம்பெயர்வதில்லை. உப்பும் மணலும் கலந்த கலவையில் நீரை ஊற்றினால் உப்பு கரைந்து போக மணல் எஞ்சுவதைப் போல, உருமாறிய பாறையிலும் இரண்டாம் வகைத் தனிமங்களே பழைய செய்தியைத் தாங்கி நிற்கின்றன. இவற்றுள் பல பத்து லட்சத்தில் சில பங்கு என்னும் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் இன்றைய கருவிகளால் துல்லியமாக அளக்கப்படுகின்றன. பசால்ட்டு வகை எரிமலைப் பாறைகள் தோன்றிய சூழலை தைட்டானியம், சிர்க்கோனியம், இட்ரியம் ஆகியவற்றின் விகிதங்களால் பிரித்தறியும் முறையினை 1973 இல் பியர்சு, கேன் ஆகிய இருவர் வெளியிட்டனர்.

எரிமலைப் பாறை தோன்றும் சூழலுக்கு ஏற்ப அதன் தனிம அமைப்பு மாறுபடும். அவற்றுள் முக்கியமானவை இரண்டு:

நடுக்கடல் முகடு: புவித்தட்டுகள் விலகும் இடத்தில் மூடகம் உருகித் தோன்றும் பசால்ட்டில் இலேசான அருமண் தனிமங்கள் குறைவாக இருக்கும். நையோபியத்தின் அளவில் தனித்த சரிவு காணப்படாது.

கீழமிழ்தல் மண்டலம்: ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடத்தில், அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் பேரியம், பொட்டாசியம் போன்றவற்றை மேலே உள்ள மூடகத்திற்குக் கொண்டு செல்கிறது. நையோபியமும் தைட்டானியமும் அந்நீருடன் அதிகம் செல்வதில்லை. எனவே இங்கு தோன்றும் எரிமலைப் பாறைகளில் நையோபியம் அண்டைத் தனிமங்களை விடத் தெளிவாகக் குறைந்திருக்கும்.

இரண்டு நிலப்பாளங்கள் இணைவதற்கு முன் அவற்றுக்கு இடையே இருந்த கடலின் தரை ஒன்றன்கீழ் ஒன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். ஆகவே நையோபியக் குறைவு கொண்ட பழம்பாறைகள் ஒரு பட்டையாகத் தொடர்ந்து காணப்பட்டால், அங்கு ஒரு கடல் மூடியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. இவ்வாறு நிலங்கள் இணைந்த இடம், துணியின் தையலைப் போன்றது என்பதால், தையல் மண்டலம் எனப்படுகிறது.

நியோடைமியம் மாதிரி வயது

சமாரியத்தின் ஓரிடத்தான்களில் ஒன்று கதிரியக்கத்தால் நியோடைமியமாக மாறுகிறது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டுகள் ஆகும். மூடகத்திலிருந்து பாறைக்குழம்பு பிரிந்து மேலோட்டில் சேரும்போது சமாரியத்திற்கும் நியோடைமியத்திற்கும் இடையேயான விகிதம் குறைகிறது. பின்னர் அதே மேலோட்டுப் பாறை மீண்டும் உருகினாலும் இவ்விகிதம் பொதுவாக அதிகம் மாறுவதில்லை. இதனால் ஒரு பாறையின் மூலப்பொருள் மூடகத்திலிருந்து எப்போது முதலில் பிரிந்தது என்பதைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். இது மாதிரி வயது எனப்படும். ஒரு பாறை 60 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருந்தும் அதன் மாதிரி வயது 250 கோடி ஆண்டுகளாக இருந்தால், அது மிகப் பழைய மேலோடு மீண்டும் உருகியதால் தோன்றியது என்பது பொருள். மாதிரி வயது சட்டென மாறும் இடம் பாளங்களின் எல்லையாக இருக்கக்கூடும்.

சிர்க்கான் வயது

சிர்க்கான் என்னும் சிறுமணிக் கனிமம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொண்டு ஈயத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. யுரேனியம் 238 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள், யுரேனியம் 235 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டும் வெவ்வேறு ஈய ஓரிடத்தான்களாக மாறுவதால் ஒரே மணியில் இரண்டு கடிகாரங்கள் கிடைக்கின்றன. சிர்க்கான் மணியின் உட்கரு பாறை முதலில் உறைந்த காலத்தையும், அதன் மேல் பின்னர் வளர்ந்த விளிம்பு உருமாற்றக் காலத்தையும் காட்டும்.

காவிரிப் பகுதியின் சான்றுகள்

சித்தம்பூண்டி

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சித்தம்பூண்டியில் அனார்தோசைட்டு என்னும் வெளிர்நிறப் பாறையும் குரோமைட்டுப் படலங்களும் அடுக்கடுக்காக உள்ளன. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், இப்பகுதியின் அனார்தோசைட்டைப் பொடியாக்கி இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் சந்திரயான் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணைத் தயாரித்தது. இப்பாறைத் தொகுதிக்கு 1996 இல் சமாரியம் - நியோடைமியம் முறையால் ஏறத்தாழ 290 கோடி ஆண்டுகள் என வயது கணிக்கப்பட்டது. பின்னர் சிர்க்கான் மணிகளை அளந்தபோது ஏறத்தாழ 254 கோடி ஆண்டுகள் என்னும் வயது கிடைத்தது. இதன் தனிம அமைப்பு கீழமிழ்தல் மண்டலத்தின் மேல் தோன்றிய பாறையை ஒத்திருப்பதாக விளக்கப்பட்டுள்ளது.

தேவனூர், மணமேடு

கடல்தரையின் மேலோடும் அதன் அடியிலுள்ள மூடகமும் சேர்ந்து நிலத்தின் மேல் தள்ளப்பட்ட துண்டு ஓபியோலைட்டு எனப்படும். நாமக்கல் பகுதியின் தேவனூரிலும், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியை அடுத்துள்ள மணமேட்டிலும் பைராக்சினைட்டு, கப்ரோ, ஆம்பிபோலைட்டு, கருநிற ஊடுருவு பாறைகள் முதலியன இத்தகைய சிதைந்த ஓபியோலைட்டுகளாக இனங்காணப்பட்டுள்ளன. இரண்டு இடங்களிலும் நையோபியக் குறைவு பதிவாகியுள்ளது. ஆகவே இவை நடுக்கடல் முகட்டில் அல்லாது, கீழமிழ்தல் மண்டலத்தின் மேல் தோன்றிய கடல்தரையின் எச்சங்கள் என்று கருதப்படுகின்றன.

இவற்றின் வயதுகள் ஒன்றல்ல என்பது குறிப்பிடத்தக்கது. தேவனூர்ப் பாறைகள் ஏறத்தாழ 253 கோடி ஆண்டுகள் பழமையானவை. மணமேட்டுப் பாறைகள் ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஒரே பட்டையில், ஒன்றிலிருந்து மற்றொன்று அதிகத் தொலைவில் இல்லாத இடங்களில், இவ்வளவு கால இடைவெளியுடன் இரண்டு கடல்தரை எச்சங்கள் இருப்பது உண்மையானால், இவ்விடத்தில் நிலம் ஒருமுறை தைக்கப்பட்டு, பின் பிரிந்து, மீண்டும் தைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்வாளர்களில் ஒரு சாரார் இவ்விளக்கத்தை ஏற்கின்றனர்.

எல்லையின் இடம் குறித்த கருத்து வேறுபாடுகள்

1980 இல் துரூரி, ஓல்ட்டு ஆகியோர் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தென்னிந்தியாவின் பெரிய சறுக்குப் பெயர்ச்சிப் பட்டைகளை வரைந்தனர். மோயாறு, பவானி, பாலக்காடு - காவிரி ஆகிய பட்டைகள் அதில் தெளிவாயின. அது முதல் பாலக்காடு - காவிரி மண்டலமே இரண்டு பாளங்களின் எல்லை என்னும் கருத்து பரவியது. ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் குப்பம் முதல் பழனி வரை நடத்திய ஆழ நிலநடுக்க அலை அளவீடுகளும் இம்மண்டலத்தின் அடியில் மேலோட்டின் அமைப்பு மாறுவதைக் காட்டின.

2004 இல் கோசு, டி விட், சார்ட்மன் ஆகியோர் வேறொரு கோட்டினை முன்வைத்தனர். கரூரிலிருந்து கம்பம், பைனாவு வழியாகத் திருச்சூர் நோக்கி வளைந்து செல்லும் இக்கோடு, பாலக்காடு - காவிரி மண்டலத்திற்கு வெகு தெற்கே உள்ளது. 2012 இல் பிளாவ்சாவும் அவருடன் பணியாற்றியவர்களும் மதுரைப் பாளத்தின் சார்னோகைட்டுகளின் வயதையும் வேதியியலையும் ஆராய்ந்தனர். அப்பாளத்தின் வடமேற்குப் பகுதியில் சேலத்தைப் போலவே ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையான பாறைகள் இருப்பதும், தென்கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 100 கோடி முதல் 80 கோடி ஆண்டுகள் வரையான இளம்பாறைகள் இருப்பதும் தெரியவந்தது. அதாவது மதுரைப் பாளம் என்று ஒரே பெயரால் வழங்கப்பட்ட நிலத்தின் உள்ளேயே ஓர் எல்லை உள்ளது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம், எல்லை என்னும் சொல் மூன்று பொருள்களில் கையாளப்படுவதாகும். பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்த கோடு ஒன்று. உருமாற்றத்தின் காலம் மாறும் கோடு மற்றொன்று. மேலோட்டுப் பொருளின் மூலம் மாறும் கோடு மூன்றாவது. இம்மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. செயற்கைக்கோள் படம் முதலாவதையும், சிர்க்கானின் விளிம்பு இரண்டாவதையும், நியோடைமியமும் சிர்க்கானின் உட்கருவும் மூன்றாவதையும் காட்டுகின்றன.

தஞ்சாவூர்ச் சமவெளியின் அடித்தளம்

கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்தபோது, இன்றைய காவிரிப் படுகை பல பள்ளங்களாகவும் இடையே மேடுகளாகவும் பிளந்தது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், தரங்கம்பாடி ஆகியவை பள்ளங்களாகும். கும்பகோணம் மேடும் பட்டுக்கோட்டை - மன்னார்குடி மேடும் அவற்றைப் பிரிக்கின்றன. மேடுகளில் அடித்தளப் பாறை ஒப்பீட்டளவில் ஆழம் குறைந்து காணப்படுகிறது.

இப்பாறையை எட்டும் வழி ஆழ்துளைகளே ஆகும். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 1964 இல் காரைக்காலில் தொடங்கி இப்படுகையில் பல துளைகளை இட்டுள்ளது. அவற்றுள் சில அடித்தளம் வரை சென்றுள்ளன. மாதானம் பகுதியில் அடித்தளப் பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெய் கண்டறியப்பட்டது. 2020 இல் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் வேறு சில வட்டாரங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடைசெய்கிறது. நெல் வயல்களைக் காக்கும் நோக்குடைய இச்சட்டத்திற்குப் பின், முன்னரே எடுக்கப்பட்ட துளைக்கற்களின் மதிப்பு அறிவியல் நோக்கில் கூடியுள்ளது. கையளவுத் துளைக்கல் ஒன்று கிடைத்தாலும் அதன் சிர்க்கான் வயதையும் நியோடைமியம் மாதிரி வயதையும் அளக்க முடியும் என்பதே இதற்குக் காரணம்.

வண்டலின் சான்று

தஞ்சாவூரின் வயல் மண்ணும் ஒருவகையில் இப்பழம்பாறைகளின் பொடியே ஆகும். காவிரி, மேல்பகுதியில் தார்வார் நிலத்தின் வரிப்பாறைகளையும், நடுப்பகுதியில் சார்னோகைட்டு மலைகளையும் அரித்து வருகிறது. புதுதில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் இராசாமணியும் அவர்தம் மாணவர்களும் 2000 ஆம் ஆண்டையொட்டிக் காவிரிப் பகுதிப் பாறைகள் மண்ணாகும் விதத்தையும், ஆற்றுவெளி வண்டலின் அருமண் தனிமங்களையும் ஆராய்ந்து வெளியிட்டனர். வண்டல் பல பாறைகளின் கலவை என்பதால், ஆறு எந்தெந்த நிலங்களை எந்த அளவில் அரிக்கிறது என்பதை அது காட்டும். தனக்குக் கீழே புதைந்துள்ள பாறை எது என்பதை அதனால் காட்ட இயலாது. அவ்வண்டல் மேற்கிலிருந்து வந்தது, அடியிலிருந்து வந்ததன்று.

இலங்கை, மடகாசுகர் தொடர்பு

நியோடைமியம் முறை ஓர் எல்லையைத் தெளிவாக்கியமைக்கு இலங்கை நல்ல எடுத்துக்காட்டாகும். 1988 இல் மிலிசெண்டாவும் உடன் ஆய்வாளர்களும் இலங்கையின் பாறைகளை இம்முறையால் வகைப்படுத்தினர். நடுவில் உள்ள உயர்நிலத் தொகுதியின் மாதிரி வயது ஏறத்தாழ 220 முதல் 300 கோடி ஆண்டுகள் வரை இருந்தது. அதன் கிழக்கே உள்ள விசயன் தொகுதியிலும் மேற்கே உள்ள வன்னித் தொகுதியிலும் அது ஏறத்தாழ 200 கோடி முதல் 100 கோடி ஆண்டுகள் வரையே இருந்தது. பல இடங்களில் ஒத்த தோற்றமுடைய பாறைகளுக்கு இடையே இவ்வெல்லை வரையப்பட்டது.

கோண்டுவானாவில் தமிழகத்தின் மேற்கே மடகாசுகரும், தென்கிழக்கே இலங்கையும் அண்டார்ட்டிக்காவும் அடுத்தடுத்து இருந்தன. காவிரிப் பகுதியின் எல்லையை மேற்கே மடகாசுகரின் பெட்சிமிசராகா மண்டலத்துடனும், இரனோட்சாரா மண்டலத்துடனும் வெவ்வேறு ஆய்வாளர்கள் இணைத்துள்ளனர். கிழக்கே அவ்வெல்லை தஞ்சாவூர் வண்டலுக்கும் பாக்கு நீரிணைக்கும் அடியில் செல்கிறது. மறுகரையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளத்தையும் சுண்ணாம்புக்கல் மூடியுள்ளது. இதனால் தமிழகப் பாறைகளையும் இலங்கையின் வன்னிப் பாறைகளையும் பிரிக்கும் அல்லது இணைக்கும் பகுதி இரு கரையிலும் மறைந்தே உள்ளது.

முறையின் வரம்புகள்

வேதியியல் அடையாளம் தனித்து நின்று எல்லையை மெய்ப்பிக்காது. பழைய மேலோட்டின் ஊடே மேலெழும் பாறைக்குழம்பு வழியில் அம்மேலோட்டைக் கரைத்துக் கொண்டால், கீழமிழ்தல் இல்லாமலே நையோபியக் குறைவு தோன்றலாம். இரு வேறு மூலங்கள் கலந்த பாறையின் மாதிரி வயது, எந்த நிகழ்வையும் குறிக்காத ஒரு சராசரியாக இருக்கலாம். சித்தம்பூண்டியின் வயது ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகள் மாறியது, முறைக்கு முறை விடை வேறுபடலாம் என்பதைக் காட்டுகிறது. ஆகவே களத்தில் பாறைகளின் கிடப்பு, சிர்க்கான் வயது, அசையாத் தனிமங்கள், ஓரிடத்தான் விகிதங்கள், நிலநடுக்க அலை அளவீடு ஆகியவை ஒன்றையொன்று உறுதிசெய்யும் இடத்திலேயே எல்லை வரையப்படுகிறது. மணமேட்டிலிருந்து மேற்கே இத்தகைய ஒப்பீடு இயலும். கிழக்கே அது ஆழ்துளைகளிலிருந்து கிடைக்கும் சில கற்களையே சார்ந்துள்ளது.